சூடு ஏறும் வேகத்தைப் பாருங்கள்

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலோ, ஓ.எம்.ஆர். பக்கம் சோழிங்கநல்லூர், சிறுசேரியிலோ நைட் ஷிஃப்ட்டில் சர்வர் கண்காணிப்புத் திரைமுன் உட்காரும் வேலை கிடைத்திருக்கிறதா? வெப்பநிலை அலர்ட் அடிக்கடி வரும். பார்த்ததாக ஒரு கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். தொற்றவிடாதீர்கள்.

முதலில் எந்த சென்சார் என்று பாருங்கள். வேலை மும்முரத்தில் பிராசஸர் 80 டிகிரியைத் தொடுவது சகஜம். அறையின் நிலையைச் சொல்வது, சர்வரின் முகப்பில் நுழையும் காற்றின் சூடு. அதற்குக் குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 18 முதல் 27 டிகிரி. 28 ஆனதும் எதுவும் எரிந்துவிடாது. ஏறும் வேகம்தான் கவலைக்குரியது. ஒரு மணி நேரத்தில் 2 டிகிரி என்றால் ஏசி மெக்கானிக்கை வரச்சொல்ல அவகாசம் உண்டு. ஐந்து நிமிடத்தில் 4 டிகிரி என்றால் குளிரூட்டல் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சர்வர்கள் அடுக்கிய பக்கத்து ராக்குகளைப் பாருங்கள். ஒரே சர்வர் மட்டும் கொதித்தால் அதன் ஃபேன், தூசி, பின்னால் காற்றை அடைக்கும் கேபிள் கொத்து ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே நொடியில் 24-லிருந்து 90-க்குத் தாவினால் சென்சாரையே சந்தேகியுங்கள்.

எல்லா ராக்கும் சேர்ந்து ஏறினால், கரண்ட் போனதா என்று கேளுங்கள். நம் புறநகர்ச் சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் யூபிஎஸ் சர்வர்களைத் தாங்கும். ஏசி அதில் சேராது. பத்து கிலோவாட் இழுக்கும் சர்வர்கள் அவ்வளவையும் சூடாகவே வெளியே தள்ளும், மூடிய அறைக்குள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் கம்ப்ரஸர் கிளம்பச் சில நிமிடம் ஆகும். சில ஸ்பிளிட் ஏசிகள் ரிமோட்டை அமுக்கும்வரை கிளம்பவே கிளம்பாது. ‘பவர் வந்துவிட்டது’ என்ற மெயிலை நம்பி இருக்கையிலேயே இருக்காதீர்கள். அறைக்குப் போய் ஏசி வாயில் கையை வையுங்கள், மொட்டைமாடி அவுட்டோர் யூனிட் சுற்றுகிறதா என்று பாருங்கள். கதவைத் திறப்பதானால் ஏசி ஓடும் அலுவலகக் கூடத்துப் பக்கம் திறங்கள். அக்னி நட்சத்திரத்தின் புழுக்கத்தையும் ஜி.எஸ்.டி. சாலைத் தூசியையும் உள்ளே விட வேண்டாம்.

அதற்கும் இறங்காவிட்டால் சர்வர்களை அணைக்க வேண்டும். சோதனை சர்வர்கள் முதலில், பிறகு அப்ளிகேஷன், அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் ஸ்டோரேஜ். ராத்திரி இரண்டு மணிக்கு இதற்கு யார் அனுமதி தருவார் என்பதை வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கே சர்வர்கள் நின்றால் சேவையைத் தொடர வேண்டிய மாற்று மையத்துக்கு மாறும் ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்றும் கேளுங்கள். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூர் ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டரில், குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் பணியின்போது குளிர்நீர் வால்வுகள் தவறுதலாக மூடப்பட்டன. சூடு ஏறி டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. இரு வங்கிகளும் மாற்று மையத்துக்கு மாற முயன்றன, அங்கும் கோளாறு. ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிமாற்றங்களும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை.

டிக்கெட்டில் ‘டெம்பரேச்சர் ஹை, செக் செய்தேன்’ என்று முடிக்காதீர்கள். ‘2:10-க்கு 26, 2:15-க்கு 30, மூன்று ராக்கும். இரண்டாவது ஏசி ஓடவில்லை, ரிமோட்டில் போட்டேன். 2:40-க்கு 27’ என்று எழுதுங்கள். காலை ஷிஃப்ட்டுக்கு வருபவர் உங்களுக்குப் போன் போடாமலே வேலையைத் தொடரலாம்.