கைமாற்றுக் கடன்: கேட்பதும் பெறுவதும்

உடன் வேலை செய்யும் சகோதரர் ஒருவர், மகளின் திருமணச் செலவுக்கென்று 20,000 ரூபாய் கைமாற்றாகக் கேட்கிறார். “அடுத்த சம்பளத்தில் தந்து விடுகிறேன்” என்கிறார். கொடுத்து விடுகிறோம். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. மூன்று சம்பளங்கள் கடந்து விடுகின்றன. கேட்க நமக்குக் கூச்சம்; முகம் பார்க்க அவருக்குக் கூச்சம். நாளடைவில் ஸலாம் சொல்வது கூடக் குறைந்து விடுகிறது. இந்நிலையில் மார்க்கம் காட்டும் வழி யாது?

கேட்பது குற்றமன்று

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது உரிமை. தமக்கு வர வேண்டிய ஒட்டகத்தை ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கடுமையாகக் கேட்டார். தோழர்கள் சினந்தனர். அண்ணலாரோ, உரிமையுடையவர் பேச இடமுண்டு என்று கூறி அவர்களைத் தடுத்து, அவருக்குரியதை விடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். எனினும் நாம் கேட்கும்போது தனிமையில், மென்மையாகக் கேட்பதே அழகு. பலர் முன்னிலையில் கேட்டு மானத்தைக் குலைக்கலாகாது.

இருக்கிறதா, இல்லையா?

வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. உண்மையிலேயே கையில் இல்லாதவருக்கோ, வசதி வரும் வரை அவகாசம் தர வேண்டும். தருமமாக விட்டு விடுவது இன்னும் மேலானது என்கிறது திருமறை (2:280). ஆகவே முதலில் அவருடைய நிலையை விசாரியுங்கள். முழுத் தொகைக்கு வழியில்லையேல் மாதத் தவணை பேசிக் கொள்ளுங்கள்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் கடனாளியிடம் பள்ளிவாசலில் கடனைக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. தம் இல்லத்திலிருந்து அதைச் செவியுற்ற அண்ணலார், பாதியைத் தள்ளி விடுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் இசைந்தார். உடனே கடனாளியை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். ஒருவர் விட்டுக் கொடுத்தார்; மற்றவர் தாமதிக்காமல் செலுத்த வேண்டியவரானார்.

எழுத்து அவசியம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். சிறியதாயினும் எழுதச் சோம்பலாகாது என்று அது கூறுகிறது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமன்று, நட்புக்குக் காவல். முன்பு எழுதவில்லையா? இப்போதேனும் தொகை, தேதி, தவணை குறித்துக் கையொப்பம் பெறுங்கள். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அதற்குள் அவர் கடனை ஒப்புக் கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள். நீதிமன்றக் கெடு முடிந்தாலும் அல்லாஹ்விடம் அந்தக் கடன் தீர்ந்து விடாது என்பதை வாங்கியவர் மறக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

தாமதத்திற்காக ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டாலும் அது வட்டியே. வராத கடனை, “இதுவே என் ஸகாத்” என்று மனத்துள் கழித்துக் கொள்வதையும் பெரும்பாலான இமாம்கள் ஏற்பதில்லை.

கொடுத்தது, வாங்கியது இரண்டையும் இல்லத்தாருக்குச் சொல்லி வையுங்கள். கடனைத் தீர்த்த பின்னரே சொத்துப் பங்கீடு. இரண்டு அல்லது மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்கு, அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பின்னரே நபிகளார் ஜனாஸா தொழுதார்கள். ஷஹீதுக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்றால் நம் நிலை என்ன?

கொடுத்தவருக்குப் பொறுமையையும், வாங்கியவருக்கு நாணயத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.