தேயிலைச் சரிவுக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்துகிறோம். சோலை, புல்வெளி, தேயிலைத் தோட்டம், பைன் காடு ஆகியவற்றின் படங்களைக் காட்டி, நீலகிரியில் எந்த நிலம் மதிப்புள்ளது என்று மக்களிடம் கேட்கலாமா? பதிலை நம்ப முடியுமா?
- வாசகி, குன்னூர்

பதில்: அழகை மட்டும் கேட்டால் ஓரளவு நம்பலாம். அமெரிக்காவில் டெரி டேனியலும் ரான் பாஸ்டரும் 1976-லேயே இதற்கு ஒரு முறை வகுத்துவிட்டார்கள். காட்டுக்குள் எந்தத் திசையில் கேமராவைத் திருப்புவது என்பதைக்கூட எடுப்பவரின் ரசனைக்கு விடாமல், குலுக்கல் போலத் தேர்ந்தார்கள். அப்படி எடுத்த ஸ்லைடுகளுக்கு மக்கள் மதிப்பெண் போட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே பருவம், ஒரே நேரம், கண் உயரத்தில் கேமரா. சோலையை மூடுபனியோடும் தேயிலையை உச்சி வெயிலிலும் எடுத்தால், மதிப்பெண் வாங்குவது பனிதான்.

ஆனால் நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறீர்கள். பார்க்க எது அழகு என்பது ஒன்று; எது நமக்கு என்ன தருகிறது என்பது வேறு. சீவி விட்ட மாதிரி இருக்கும் தேயிலைச் சரிவு முதல் கேள்வியில் எளிதாக ஜெயித்துவிடும். பனிக்காலத்தில் காய்ந்து பழுத்த புல்வெளி, படத்தில் வெறும் மொட்டை மலை. அந்தப் புல்லும் சோலையும் பிடித்து வைக்கும் மழைநீர்தான் ஓடையாகி பைக்காராவுக்கும் பவானிக்கும் போகிறது. பைக்காராவில் 1932 முதல் மின்சாரமும் எடுக்கிறோம். இதெல்லாம் எந்த லென்ஸிலும் விழாது. வெறும் புல்தானே என்று பார்த்த கண்தான் ஆங்கிலேயர் காலம் தொட்டு, சுதந்திரத்துக்குப் பிறகும், அங்கே சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட வைத்தது. இன்று சீகையை வெட்டி அகற்றப் படாத பாடு படுகிறோம்.

ஆகவே முதலில் பெயர் சொல்லாமல் படத்தைக் காட்டி அழகுக்கு மதிப்பெண் வாங்குங்கள். பிறகு அதே படத்தைக் காட்டி, “இங்கிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது?” என்று கேளுங்கள். தண்ணீர், மேய்ச்சல், விறகு, தேன், கூலி, சாமி என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். பட்டியலை நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். ஊட்டி பூங்கா வாசலில் நிற்பவரின் பதிலையும், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் பதிலையும் கூட்டிச் சராசரி போடவும் வேண்டாம். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஆய்வு.

நீங்கள் படம் காட்டுவதற்குப் பதில், மக்களே இணையத்தில் போடும் படங்களையும் எண்ணலாம். ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றிய படங்களை எண்ணி, உலகெங்கும் 836 சுற்றுலா இடங்களின் வருகையைக் கணிக்க முடிகிறதா என்று 2013-ல் ஓர் ஆய்வு பார்த்தது. கூட்டத்தை அளக்க அது உதவும். பைன் காட்டில் செல்ஃபி எடுப்பவர் பேச்சே அதில் ஓங்கி ஒலிக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த வழி, கேமராவை ஊர்க்காரர் கையில் கொடுப்பது. 1990-களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து, தங்கள் வாழ்வைத் தாங்களே படமெடுக்கச் சொன்னார்கள். இங்கே எருமை வளர்க்கும் பழங்குடியான தோடர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் எருமை மேயும் சதுப்பை எடுக்கலாம். அவர்கள் கோயில் கூரை வேயும் புல் அங்கேதான் வளர்கிறது. ஏன் எடுத்தார் என்று அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். நீங்களே தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் எடுப்பதானால், கோயில் பக்கம் கேமராவை உயர்த்துமுன் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.