துயர்க்காலத்தில் உறவும் அண்டையும்: ஒரு பொருளியல் நோக்கு

ஒரு குடும்பத்தின் பொருளாதார வலிமையை மதிப்பிட முற்படும்போது நிலம், கால்நடை, வருமானம், கடன் ஆகியவற்றை நாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். குடும்பத் தலைவர் நோயுற்றுப் படுத்துவிட்டால் முதல் வாரத்தில் யார் வீட்டிற்குச் சென்று உதவி கேட்பார்கள் என்ற வினாவிற்கு நமது படிவங்களில் இடமில்லை. 'பிற கடன்கள்' என்ற பத்தியில் 'இல்லை' என எழுதப்பட்ட விண்ணப்பங்கள் பலவற்றை இக்கட்டுரையாளர் பார்த்ததுண்டு. நேரில் விசாரித்தால், மைத்துனரிடம் பெற்ற கைமாற்று, அண்டை வீட்டார் அளந்து கொடுத்த தானியம், திருமணத்தில் வாங்கிய மொய் என ஒவ்வொன்றாக வெளிப்படும். விண்ணப்பதாரர் எதையும் மறைக்கவில்லை. அவற்றைக் கடன் என்று அவர் கருதுவதே இல்லை.

வட மாநிலங்களில் 'நேவ்தா' என்று வழங்கும் திருமண அன்பளிப்பு முறை, நமது மொய்க் கணக்கைப் பெரிதும் ஒத்தது. பெற்றதை நினைவில் வைத்து, கொடுத்தவர் வீட்டில் தேவை எழும்போது திருப்பிச் செய்வதே அதன் அடிப்படை. பொருளியல் நோக்கில் இதனை வட்டியில்லாக் கடன் என்றும் கூறலாம், எழுதப்படாத காப்பீடு என்றும் கூறலாம். தவணைத் தேதி குறிக்கப்படாமையே இதன் சிறப்பு.

இத்தகைய ஏற்பாடுகள் உண்மையில் எவ்வளவு தூரம் பயன்படுகின்றன? இதனை ஆராய நமது நாட்டிலேயே அரிய புள்ளிவிவரங்கள் திரட்டப்பட்டுள்ளன. ஐதராபாத்திற்கு அருகே பட்டாஞ்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1975 முதல் வறட்சிப் பகுதிக் கிராமங்கள் சிலவற்றில் தங்கியிருந்து, குடும்பங்களின் வரவு செலவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. மகபூப்நகர் மாவட்டத்து ஆரேபள்ளி, சோலாப்பூர் மாவட்டத்து ஷிராப்பூர், அகோலா மாவட்டத்து கன்ஜாரா ஆகிய மூன்று கிராமங்களின் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் டவுன்செண்ட் என்ற பொருளியலறிஞர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு குடும்பத்தின் வருமானம் ஓர் ஆண்டில் சரிந்தாலும், வேலை இழந்தாலும், நோய் வந்தாலும், அதன் நுகர்வு அதே அளவில் சரியவில்லை. அது பெரும்பாலும் ஊரின் சராசரி நுகர்வோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. இதில் உறவினரும் அண்டை வீட்டாரும் செய்த உதவிக்குப் பங்குண்டு. சேமிப்பும், இருப்பு வைத்த தானியமும், பிற கடனும் துணை நின்றிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

எனினும், மூன்றில் ஒரு கிராமத்தில் நிலமற்றோர் பிறரைவிடக் குறைந்த பாதுகாப்பே பெற்றிருந்தனர் என்று அவ்வாய்வே சுட்டுகிறது. அதே புள்ளிவிவரங்களை 1997-இல் மறுபரிசீலனை செய்த ரவாலியனும் சௌதுரியும், டவுன்செண்டின் கணிப்பு முறை கிராமக் காப்பீட்டைச் சற்று மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று வாதிட்டனர். மாணவர்கள் இவ்விரு கட்டுரைகளையும் சேர்த்தே பயிலுதல் நலம்.

ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கும் துன்பத்தின்போது இவ்வமைப்பு செயலிழந்துவிடுகிறது. மழை பொய்த்தால் கொடுப்பவர் களஞ்சியமும் காலி, கேட்பவர் களஞ்சியமும் காலி. ஆகவே உதவி வெளியூரிலிருந்து வரவேண்டும். ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் ஆகியோர் 1989-இல் இக்ரிசாட் கிராமங்களைக் குறித்து எழுதிய ஆய்வின்படி, மகள்களைத் தொலைவிலுள்ள ஊர்களில் மணமுடித்துக் கொடுத்த குடும்பங்களின் நுகர்வு குறைவாகவே ஏறி இறங்கியது. விளைச்சல் நிலையற்ற குடும்பங்களே இவ்வாறு தொலைவில் சம்பந்தம் செய்வதில் முனைந்தன. சம்பந்தி ஊரிலும் அதே ஆண்டு மழை பொய்க்கும் வாய்ப்பு குறைவு என்பதே காரணம். வரன் தேடும் பெரியவர்கள் மழையளவுப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஆயினும் அனுபவம் அவர்களுக்கு அதையே கற்பித்திருக்கிறது. அக்கணக்கின் சுமையைப் பிறந்த ஊரை விட்டுச் செல்லும் பெண்ணே தாங்குகிறாள் என்பது வேறு செய்தி.

1972-73-ஆம் ஆண்டு மகாராட்டிர வறட்சி இந்த எல்லையையும் கடந்தது. பரந்த நிலப்பரப்பு முழுவதும் வறண்டபோது தொலைதூரச் சம்பந்தியும் உதவ இயலாதவராயினர். அக்காலத்தில் மக்களைத் தாங்கியவை அரசின் நிவாரணப் பணிகளே. அவற்றின் தொடர்ச்சியாகவே அம்மாநில வேலை உறுதித் திட்டம் உருவாகி, பின்னர் 1977-இல் சட்டமாயிற்று.

நோய் மற்றொரு வகைச் சோதனை. அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தான், குஜராத், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நடத்திய ஆய்வுகளில், வறுமைக்குள் சரிந்த குடும்பங்கள் மிகப்பலவும் நோயையும் மருத்துவச் செலவையுமே காரணமாகக் கூறின. ஒரு மாதக் காய்ச்சலை உறவினர் சமாளித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு அவர்களின் கை போதாது. நாளடைவில் வருகையும் குறையும். அதனை மனக்கடினம் என்று கொள்ளலாகாது. கொடுப்பவர் வீட்டிலும் பிள்ளைகள் உள்ளனர்.

உறவுப் பாதுகாப்பிற்கு ஒரு விலையும் உண்டு. முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, சாதி வழியிலான உதவியை இழக்க நேரிடும் என்ற அச்சம், ஆடவர் நகரங்களுக்குக் குடிபெயர்வதைத் தடுக்கிறது என்று காட்டுகிறது. நகரத்தில் கூலி மிகுதி என்று தெரிந்தும் அவர்கள் கிராமத்தை விட்டு அகல்வதில்லை. இதனை அறியாமை என்று எழுதும் அதிகாரிகள், அவர்கள் போட்டுப் பார்த்த கணக்கைப் பார்க்கத் தவறுகின்றனர்.

நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களுடன் முன்னோட்டமாகத் தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம், பிறப்பாலன்றி விருப்பத்தால் அமையும் உதவி வட்டத்தை உருவாக்க முயன்றது. பத்து முதல் இருபது பெண்கள் வரை கூடிச் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வர். ஆனால் அவர்களும் ஒரே ஊரினர், ஒரே மழையை நம்பியிருப்பவர். இக்குறையை உணர்ந்தே, 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், நோய், உணவுப் பற்றாக்குறை போன்ற இடர்களுக்கென வெளியிலிருந்து நிதி வழங்கி, கிராம அளவிலான கூட்டமைப்பில் தனி நிதியம் வைக்க வகை செய்யப்பட்டது.

களத்தில் பணியாற்றுவோர் இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். வாரந்தோறும் சேமிப்புத் தொகை கட்ட இயலாதவர் குழுவில் சேர்வதில்லை. சேர்ந்தாலும் விரைவில் விலகிவிடுகின்றனர். கணவரை இழந்து பிறந்த ஊருக்குத் திரும்பிய பெண், புகுந்த ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, பிறந்த ஊர்ப் பட்டியலில் இன்னும் சேர்க்கப்படாமல் இருப்பதுண்டு. குழுவின் பதிவேட்டைத் தணிக்கை செய்யும்போது, அதில் உள்ள பெயர்களைச் சரிபார்த்த பின்னர், அத்தெருவில் பெயர் இல்லாத வீடுகள் எவை என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள அரை நாள் பணி போதும்.