ரயில் சாப்பாடு: சூரமங்கலம் நடைமேடையில் உலவும் ஏழு நம்பிக்கைகள்

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். 1861-இல் சென்னையிலிருந்து ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தபோது நிலையத்தை ஊருக்கு மேற்கே, தள்ளித்தான் அமைத்தார்கள். தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலம் 1994-இல் சேலம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 1 முதல் சேலம் தனி ரயில்வே கோட்டமும் ஆகிவிட்டது. ஊர் வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்துகொண்டாலும், நடைமேடையில் காதில் விழும் ஒரு புலம்பல் மட்டும் மாறவில்லை. அது ரயில் சாப்பாட்டைப் பற்றியது.

புலம்பலில் நியாயம் உண்டு, கூடவே நிறையத் தவறான தகவலும் உண்டு. தவறான தகவலை நம்பிச் சண்டை போடுகிறவர் பெரும்பாலும் தோற்றுப்போகிறார். சரியான விவரம் தெரிந்தவர் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பேன்ட்ரி கார் இருந்தால் சுடச்சுடச் சமைத்துத் தருவார்கள்

உண்மை: பெரும்பாலும் இல்லை. 2017-இல் வந்த ரயில்வே உணவுக் கொள்கை, சமைப்பதையும் பரிமாறுவதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துவிட்டது. சாதமும் குழம்பும் பொரியலும் தரையில் உள்ள பேஸ் கிச்சன்களில் தயாராகி, குறிப்பிட்ட நிலையங்களில் ரயிலில் ஏறுகின்றன. பேன்ட்ரி காரில் நடப்பது முக்கியமாகச் சூடாக்குவது, அடுக்குவது, டீ, ஆம்லெட் போன்ற சில்லறை வேலைகள்.

டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் கேரளா எக்ஸ்பிரஸ் நம் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. அதில் பேன்ட்ரி கார் உண்டு. ஆனால் இரவில் ஏறி விடியலில் இறங்கும் பல ரயில்களில் கிடையாது. அவற்றுக்கு வழியில் உள்ள நிலையங்களிலிருந்து ஆட்கள் சாப்பாட்டை எடுத்து வந்து விற்கிறார்கள். இதற்கும் முறையான ஒப்பந்தம் இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'இப்போதுதான் சமைத்ததா?' என்பதல்ல, 'எங்கே, எப்போது பேக் செய்தது?' என்பதுதான். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு அதற்காக வைத்தது. செல்போனைக் காட்டினால் எந்தக் கிச்சன், எந்தத் தேதி என்ற விவரம் வர வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத பொட்டலம் என்றால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

நம்பிக்கை 2: ஓடும் ரயிலில் விற்கிறவர் சொல்வதுதான் விலை

உண்மை: விலை மட்டுமல்ல, எடையும் எழுதிவைத்ததுதான். 2019 நவம்பரில் வந்த ரயில்வே வாரிய உத்தரவுப்படி, மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் சைவச் சாப்பாடு ₹80, முட்டைக் குழம்புச் சாப்பாடு ₹90, கோழிக் குழம்புச் சாப்பாடு ₹130. நிலையத்தில் உள்ள ரயில்வே உணவகத்தில் அதே சைவச் சாப்பாடு ₹70. காலைச் சிற்றுண்டி ரயிலில் ₹40. வெஜ் பிரியாணி 350 கிராம், ₹80. ஜிஎஸ்டி இந்த விலைகளுக்குள்ளேயே அடக்கம். தனியாக வரி போடுகிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

₹80 சாப்பாட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? சாதம் 150 கிராம், சாம்பார் அல்லது பருப்பு 150 கிராம், காய் 100 கிராம், இரண்டு பரோட்டா அல்லது நான்கு சப்பாத்தி 100 கிராம், தயிர் 80 கிராம், 12 கிராமில் ஊறுகாய்ப் பொட்டலம். மொத்தம் அறுநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

நடைமுறையில் உரையாடல் இப்படித்தான் போகும்.

"தம்பி, சாப்பாடு எவ்வளவு?"

"நூத்தம்பதுங்கம்மா."

"எம்பது ரூவாதானே போட்டிருக்கு?"

"அது இல்லைங்கம்மா, தீந்துபோச்சு. இது ஸ்பெஷலுங்க."

"செரி, பில்லு குடு."

"மிஷினு ரிப்பேருங்கம்மா."

இதில் சூட்சுமம் 'ஸ்பெஷல்' என்பதில் இருக்கிறது. பட்டியல் விலைக்குக் கட்டுப்பட்ட சாப்பாடு ஒன்று. பன்னீர் மாதிரி ஏதாவது சேர்த்துத் தனி வகையாக விற்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விலை வைக்கும் உரிமை ரயில்வேயின் உணவு, சுற்றுலா நிறுவனமான ஐஆர்சிடிசிக்கு உண்டு. ஆகவே ₹150 கேட்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ₹80 சாப்பாட்டை ஒளித்துவைத்துவிட்டு ₹150 சாப்பாட்டைத் தள்ளுவதுதான் தவறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்தது. மீதிப் பாதிக்கு, பில் இல்லையென்றால் பணம் தர வேண்டியதில்லை என்று 2019-இல் ரயில்வே அறிவித்தது துணைக்கு வரும்.

தண்ணீர் பாட்டிலுக்கும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு லிட்டர் ரயில் நீர் ₹14, அரை லிட்டர் ₹9. அதுவரை ₹15, ₹10 என்று இருந்தவை. 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்று எந்தப் பட்டியலிலும் கிடையாது.

நம்பிக்கை 3: ரயில் மெனு டெல்லியில் எழுதியது, அதை மாற்றவே முடியாது

உண்மை: ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2022 நவம்பரில் ரயில்வே வாரியம் பிடியைத் தளர்த்தியது. வட்டார உணவு, பருவகாலப் பண்டம், பண்டிகைப் பலகாரம், சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு, குழந்தை உணவு, சிறுதானியம் ஆகியவற்றை மெனுவில் சேர்த்துக்கொள்ள ஐஆர்சிடிசிக்கு அனுமதி கிடைத்தது. சாதாரண ரயில்களின் பட்டியல் சாப்பாட்டிலும் என்ன வகை என்பதை அதுவே முடிவு செய்யலாம். விலையை மட்டும் தொடக் கூடாது. மலிவு விலை ஜனதா சாப்பாட்டுக்கு வகையும் விலையும் பழையபடியே தொடர வேண்டும்.

விலையைத் தொடக் கூடாது என்ற அந்த நிபந்தனையில்தான் முடிச்சு விழுகிறது. பக்கத்து நாமக்கல்லைப் பாருங்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை ஐந்து பைசா, பத்து பைசா என்று அடிக்கடி ஏறி இறங்குகிறது. முட்டைக்காரர் முதல் மெஸ்காரர் வரை அந்த எண்ணைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ரயிலின் முட்டைக் குழம்புச் சாப்பாடோ 2019-இல் குறித்த ₹90-இலேயே ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. எண்ணெய் ஏறியது, எரிவாயு ஏறியது, கூலி ஏறியது. பட்டியல் மட்டும் ஏறவில்லை.

அந்த இடைவெளியை யாரோ ஒருவர் தாங்கியாக வேண்டும். ஒப்பந்தக்காரர் ரயில்வேக்கு உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தட்டில் அளவைக் குறைப்பது. மற்றொன்று, பட்டியல் சாப்பாட்டை மறைத்து 'ஸ்பெஷல்' விற்பது. இரண்டுமே பயணியின் தலையில்தான் விடிகின்றன. மெனுவை மாற்றும் சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள், விலையைக் காலாகாலத்தில் வெளிப்படையாகத் திருத்தும் துணிச்சலையும் காட்டியிருக்கலாம்.

நம்பிக்கை 4: வந்தே பாரத்தில் சாப்பாடு இலவசம்

உண்மை: இலவசமும் இல்லை, கட்டாயமும் இல்லை. சேலம் வழியாகச் சில வந்தே பாரத் ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் சென்னை - கோவை ரயில் 2023 ஏப்ரல் 8-இலும், கோவை - பெங்களூரு ரயில் 2023 டிசம்பர் 30-இலும் தொடங்கின. டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் கட்டணத்தில் சாப்பாட்டுக் காசும் சேரும். வேண்டாம் என்றால் அந்தக் காசு கழியும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தட்டு வந்து உங்களுக்கு வரவில்லையென்றால், ஊழியரிடம் கோபப்படுவதற்கு முன் உங்கள் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது பிள்ளைகள். 'வேண்டாம்' என்று தட்டியது அவர்கள், பட்டினி கிடப்பது அப்பா.

முன்பதிவில் வேண்டாம் என்றவருக்கும், கைவசம் இருந்தால் ரயிலுக்குள் விலைக்குக் கொடுக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் ரயில்வே தெளிவுபடுத்தியது. சதாப்தியில் இப்படி வாங்கினால் சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் ₹50 கூடுதல். 2022 ஜூனில் போபால் சதாப்தியில் ₹20 டீக்கு ₹50 சேவைக் கட்டணம் சேர்த்து ₹70-க்குக் கொடுத்த பில் ஊரெல்லாம் சுற்றியது நினைவிருக்கலாம். அடுத்த மாதமே டீ, காபிக்கு அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

சொகுசுக் கப்பல்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா கப்பல் கிளம்பியபோது, டிக்கெட்டுக்குள் எல்லாம் அடக்கம் என்று நினைத்து ஏறியவர்கள் இருந்திருப்பார்கள். பொது உணவுக்கூடத்துச் சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்தது, தனி உணவகங்களும் மதுவும் தனிக் காசு என்பதுதான் கப்பல் உலகத்தின் பொதுவான வழக்கம். தண்டவாளமோ கடலோ, எது அடக்கம் என்று ஏறுவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

நம்பிக்கை 5: செல்போனில் ஆர்டர் செய்து இருக்கைக்கு வருவதும் ரயில்வே சாப்பாடுதான்

உண்மை: அது வெளி உணவகத்தின் சாப்பாடு. ஐஆர்சிடிசி 2014-இல் தொடங்கிய இ-கேட்டரிங் ஒரு இணைப்பு ஏற்பாடு. பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால், வழியில் உள்ள நிலையங்களில் எந்தெந்த உணவகங்கள் இருக்கின்றன என்று காட்டும். 1323 என்ற எண்ணிலும் பேசலாம். விலை அந்த உணவகம் வைத்தது. ₹80 பட்டியலை அங்கே நீட்டிப் பயனில்லை. ருசியும் வகையும் கூடுதலாகக் கிடைக்கும், காசும் கூடும். ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான் என்பதால் பெட்டி எண், இருக்கை எண் இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 6: அந்தக் காலத்து ரயில்வே சாப்பாட்டுக்கு ஈடே இல்லை

உண்மை: யாருக்கு என்று கேட்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்த மேஜை, பீங்கான் தட்டு, சூப்பில் தொடங்கிப் புட்டிங்கில் முடியும் விருந்து எல்லாம் உண்மைதான். தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஸ்பென்சர் நிறுவனம் நடத்திய சிற்றுண்டி அறைகளும் உணவுப் பெட்டிகளும் பெயர் பெற்றவை. ஆனால் அவை முதலில் துரைமார்களுக்கும், பிறகு கையில் காசு புழங்கிய சிலருக்கும் உரியவையாக இருந்தன. மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து வந்தவருக்கு வாய்த்தது கட்டுச்சோறும் நடைமேடைக் குழாய்த் தண்ணீரும்தான்.

இந்தியர்களுக்கென்று இருந்த நிலைய உணவகங்களிலும் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பலகை தொங்கியது. ஒரே டிக்கெட், ஒரே காசு, சாப்பிட மட்டும் வேறு வேறு அறை. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் இடைவிடாமல் எதிர்த்த பிறகு, 1941-இல்தான் ரயில்வே நிர்வாகங்கள் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டன. இன்று பிளாஸ்டிக் தட்டைப் பார்த்துப் பழைய பீங்கானுக்கு ஏங்குகிறவர்கள், அந்தப் பலகையையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் உணவை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அளகேசன். அதன் பரிந்துரையைத் தொடர்ந்து 1955-இல் ரயில்வே தானே உணவகம் நடத்தத் தொடங்கியது. 1999-இல் ஐஆர்சிடிசி பிறந்தது. 2005-இல் பொறுப்பு அதனிடம் போய், 2010-இல் ரயில்வேயிடம் திரும்பி, 2017-இல் மறுபடி அதனிடமே வந்தது. கரண்டி கை மாறிக்கொண்டே இருந்ததில், தவறுக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் மங்கலாகிப்போனது.

நம்பிக்கை 7: புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

உண்மை: எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 'சாப்பாடு நல்லா இல்லை' என்ற புகாரை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. நல்லா இருப்பது ஆளுக்கு ஆள் வேறு. 'ரயில் எண் இது, பெட்டி இது, மணி இத்தனை, ₹80 சாப்பாட்டுக்கு ₹120 வாங்கினார், பில் தரவில்லை' என்றால் அது விதிமீறல். 'பொட்டலத்தில் தேதி இல்லை, தயிர் இல்லை' என்றாலும் அப்படியே. 139-ஐ அழைத்தோ ரயில் மதத் செயலியிலோ இதைப் பதிவு செய்யலாம். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ரயிலில் இருக்கும்போதே கொடுங்கள். வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதுகிற புகாருக்கு அந்த வேகம் வராது.

கையில் டப்பாக்களைச் சுமந்துகொண்டு பெட்டி பெட்டியாக அலையும் பையனும் இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணிதான். அவனைத் திட்டித் தீர்ப்பதால் ஜோலார்பேட்டைக்குள் கோபம் ஆறும், விலைப்பட்டியல் மாறாது. பில் கேளுங்கள், எடையைக் கேளுங்கள். விலை கட்டுப்படியாகவில்லையென்றால் அதை ரயில்வே அறிவித்து ஏற்றட்டும். தட்டில் அள்ளும்போது குறைத்துச் சரிக்கட்டும் வேலை வேண்டாம்.