வங்கத்துக்காக ஓர் இசைவிழா

1971ஆம் ஆண்டின் மழைக்காலம். கல்கத்தா நகரின் கிழக்கு ஓரத்தில், சால்ட் லேக் என்னும் பகுதியில், வடிகால் பணிக்காகக் கொண்டுவந்த பெரிய சிமெண்டுக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. அக்குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாக மக்கள் வாழ்ந்தனர். மழைக்கும் வெயிலுக்கும் அவர்களுக்கு வேறு கூரை இல்லை.

அவர்கள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்து வந்தவர்கள். 1970 நவம்பரில் அந்நிலத்தைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். அத்துயரம் ஆறுவதற்குள் அடுத்த துயரம் வந்தது. தேர்தலில் வென்ற வங்க மக்களின் கட்சிக்கு ஆட்சியை ஒப்படைக்க மறுத்த பாகிஸ்தான் அரசு, 1971 மார்ச் 25 இரவு டாக்கா நகரில் இராணுவத்தை ஏவியது. உயிர் பிழைக்க ஓடிய மக்கள் மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா ஆகிய பகுதிகளுக்குள் நுழைந்தனர். ஆண்டின் இறுதியில் அவர்களின் தொகை ஏறத்தாழ 1 கோடி. சிறிய திரிபுராவிலோ, வந்தவர்களின் எண்ணிக்கை உள்ளூர் மக்களின் எண்ணிக்கையையே நெருங்கிவிட்டது.

முகாம்களில் காலரா பரவியது. எல்லையை ஒட்டிய பன்காவ் ஊரில் மருத்துவர் திலீப் மகலானாபிஸ், நரம்பு வழியாக ஏற்றும் மருந்துநீர் போதாமல் போன நிலையில், சர்க்கரையும் உப்பும் அளவாகக் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தின் ஆற்றலை உலகம் கண்டுகொண்ட இடங்களுள் பன்காவ் முதன்மையானது. அப்பொடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு கோடிப் பேருக்கு உணவும் மருந்தும் கூரையும் வேண்டுமென்றால், அதற்குப் பெரும்பணம் தேவை.

அப்போது அமெரிக்காவில் இருந்த சிதார் மேதை இரவிசங்கரை இச்செய்திகள் உறங்கவிடவில்லை. அவர் காசியில் பிறந்த வங்காளி. அவருடைய குரு அலாவுதீன் கான், எல்லைக்கு அப்பால் பிராமண்பாரியா பகுதியில் உள்ள சிப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அகதிகளுள் இரவிசங்கரின் உறவினரும் இருந்தனர். ஓர் இசைநிகழ்ச்சி நடத்தி 25,000 டாலர் திரட்டினால் ஏதேனும் செய்யலாம் என்று அவர் எண்ணினார். தம்மிடம் சிதார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசனிடம் தம் மனக்குறையைச் சொன்னார். ஹாரிசனுக்கு அப்போது வயது 28. உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவில் கிதார் வாசித்தவர் அவர். அக்குழு முந்தைய ஆண்டுதான் பிரிந்திருந்தது.

குருவின் துயரைச் சீடர் தம் துயராக ஏற்றார். அடுத்த சில வாரங்கள் தொலைபேசியும் கையுமாகவே கழிந்தன. ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி பிரெஸ்டன், லியான் ரஸ்ஸல் எனப் பலரும் ஊதியம் பெறாமல் வர இசைந்தனர். சில ஆண்டுகளாக மேடையேறுவதையே குறைத்துக்கொண்டிருந்த பாப் டிலன் வருவாரா என்பது மட்டும் கடைசிவரை உறுதியாகவில்லை. அவரும் வந்தார்.

1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பேரரங்கில் பிற்பகல் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 40,000 பேர் திரண்டனர். முதலில் இந்திய இசை. இரவிசங்கர் சிதாரும், அலாவுதீன் கானின் மகன் அலி அக்பர் கான் சரோதும், அல்லா ரக்கா தபேலாவும், கமலா சக்கரவர்த்தி தம்பூராவும் இசைத்தனர். தொடங்குமுன் அவர்கள் சுருதி சேர்த்தனர். சேர்த்து முடித்ததும் அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது! கச்சேரி பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அந்த அமெரிக்க இளைஞர்களுக்கோ சுருதி சேர்ப்பது எது, வாசிப்பு எது என்று தெரியவில்லை. சுருதி சேர்த்ததையே இவ்வளவு விரும்பியவர்கள் வாசிப்பை இன்னும் விரும்புவார்கள் என நம்புவதாக இரவிசங்கர் புன்னகையோடு கூறினார். அதன்பின் வங்க நாட்டார் இசையைத் தழுவிய ஓர் உருப்படியை அவர்கள் வாசித்தனர்.

நிகழ்ச்சிக்கு அவர்கள் சூட்டிய பெயர் கவனிக்கத்தக்கது. அன்று உலக வரைபடத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என்னும் பெயரே இருந்தது. அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்தது. இந்தியா வங்கதேசத்தை ஒரு நாடாக ஏற்றதுகூட அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள்தான். அதற்கு நான்கு மாதங்கள் முன்பே, அமெரிக்க மண்ணில், 'வங்கதேசத்துக்கான இசைநிகழ்ச்சி' என்று அவர்கள் அழைத்தனர். அதுவரை அப்பெயரைக் கேட்டறியாத பல்லாயிரம் இளைஞர்கள் அதைச் சொல்லிக்கொண்டே அரங்கைவிட்டு வெளியேறினர்.

நுழைவுச்சீட்டு விற்பனையில் மட்டும் 2,43,418 டாலர் சேர்ந்தது. இரவிசங்கர் நினைத்ததைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அத்தொகை ஒரு மாதத்திற்குள் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபிடம் சேர்ந்தது. பின்னர் நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் திரைப்படமாகவும் வெளிவந்தது. உறையில் வெறும் தட்டோடு அமர்ந்திருக்கும் குழந்தையின் படம் கொண்ட அந்த இசைத்தட்டு, பல நாடுகளில் விற்றது. 1973இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதை அறப்பணி நிகழ்ச்சியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அவசரத்தில் எவரும் அதைச் செய்யவில்லை. எனவே வரிவிலக்கு இல்லை என்றது அமெரிக்க வரித்துறை. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பல இலட்சம் டாலர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. பிரிட்டனிலும் வரிவிலக்குக் கிடைக்கவில்லை; ஹாரிசன் தம் சொந்தப் பணத்தைச் செலுத்தினார். இதற்கிடையே போர் முடிந்து, 1972இன் தொடக்கத்தில் அகதிகள் ஊர் திரும்பிவிட்டனர். முகாமில் பசித்திருந்த குழந்தைகளுக்காகத் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி விடுபட்டபோது, அக்குழந்தைகள் வளர்ந்து இளைஞர்களாகியிருந்தனர். பாடியவர்களின் மனத்தில் குறையில்லை. குறை ஒரு விண்ணப்பத்தாளில் இருந்தது. எனினும் அந்தத் தாளின் விலை பெரிது.

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்சத்திற்காக இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் 'லைவ் எய்ட்' இசைவிழா நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான பாப் கெல்டாஃப், ஹாரிசனிடம் ஆலோசனை பெற்றார். ஹாரிசன் 2001இல் மறைந்தார். 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் இசைத்தட்டும் படமும் மீண்டும் வெளியிடப்பட்டு, அவற்றின் வருவாய் அவர் பெயரால் அமைந்த நிதி வழியாக யூனிசெஃபுக்குச் செல்கிறது.

பயிற்சி

1. சால்ட் லேக் பகுதியில் மக்கள் குழாய்களுக்குள் வாழ நேர்ந்தது ஏன்?
2. அரங்கில் இருந்தோர் சுருதி சேர்த்தபோதே கைதட்டியது எதைக் காட்டுகிறது?
3. 'குறை ஒரு விண்ணப்பத்தாளில் இருந்தது' – இத்தொடரை விளக்கி ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் பள்ளியில் வெள்ள நிவாரணத்திற்காக இசைநிகழ்ச்சி நடத்துவதாகக் கொண்டு, திரட்டும் பணத்திற்குக் கணக்கு எழுதும் முறையை வகுப்பில் கலந்துரையாடுக.