பிரச்சினையை நாம்தான் கொண்டுபோகணும்

ஊருக்கு ஏதாவது செய்யணும்னு கணினி தெரிந்த இளைஞர்கள் ஓரிரு நாள் கூடி, சம்பளம் வாங்காமல் கருவியோ செயலியோ செய்து தருகிறார்கள். இதற்கு ‘ஹேக்கத்தான்’ என்று பெயர். செய்ய ஆள் இருக்கு. எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம். அதைச் சொல்ல வேண்டியது உழவர்களான நாம்.

அமெரிக்காவில் ‘ஃபார்ம் ஹேக்’ என்ற கூட்டமைப்பு உழவர்களையும் பொறியாளர்களையும் சேர்த்து உட்கார வைத்தது. பசுமைக்குடிலில் வெப்பநிலை எல்லை மீறினால் நாற்று போச்சு. ராத்திரியெல்லாம் யார் காவல் இருப்பது? அந்தக் கவலைக்குப் பதிலாக வந்தது, கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ‘ஃபைடோ’ கருவி. செய்முறையை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. நேரமும் காசும் எதில் வீணாகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள்.

2. களையெடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் இடுப்புவலி நிலக்காரருக்குத் தெரியாது.

3. ‘செயலி வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் குழுவில் யாரிடம் எந்தப் பாரம்பரிய நெல் விதை எத்தனை கிலோ இருக்குன்னு விதைப்பு நேரத்தில் தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

4. இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சேருங்கள்.

5. இரண்டு நாளில் முடிகிற அளவுக்குச் சுருக்குங்கள்.

6. அவர்கள் போன பிறகு யார் பராமரிப்பது? ஆள் இல்லையென்றால் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இப்படி யோசிக்கும்போது, சில பிரச்சினைக்குக் கரும்பலகையும் சாக்பீஸுமே போதும்னு தெரியவரலாம். அதுவும் லாபம்தானே!