பதவியைத் துறந்த பந்தாட்டத் தலைவர்

எம் ஊராகிய திருநாவலூரிற் பிறந்த சுந்தரரை நரசிங்க முனையரையர் தம் மகன்போற் பேணி வளர்த்தார் என்றும், மணப்பந்தரில் இறைவன் அவரைத் தடுத்தாட்கொண்டான் என்றும் பெரியபுராணம் கூறும். பிறர் வளர்ப்பில் உயர்ந்து, அமைந்த வாழ்வு வாயிலில் நிற்கையில் வேறு வழி சென்றோர் பிற்காலத்தும் உளர். அவருள் ஒருவர் ஜெய்பால் சிங் முண்டா.

இவர் 1903-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள், ராஞ்சியை அடுத்த குந்திப் பகுதியில், முண்டா பழங்குடியிற் பிறந்தார். ராஞ்சியில் ஆங்கிலத் திருச்சபைக் குருமார் நடத்திய தூய பவுல் பள்ளியிற் பயின்றார். பள்ளித் தலைவர் காஸ்கிரேவ் இவருடைய ஆற்றலைக் கண்டு இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் தூய யோவான் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்ற இவர், ஹாக்கி என்னும் வளைகோற் பந்தாட்டத்தில் அப்பல்கலைக்கழகம் வழங்கும் 'புளூ' என்னும் சிறப்பையும் அடைந்தார். பின்னர் ஐ. சி. எஸ். பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றுப் பயிற்சியில் இருந்தார்.

அந்நிலையில், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் செல்லும் இந்திய அணிக்குத் தலைமை தாங்குமாறு அழைப்பு வந்தது. அவர் விடுப்பு வேண்டினார், மேலிடம் மறுத்தது. மறுப்பையும் மீறி அவர் சென்றார். அக்காலத்து ஒலிம்பிக்கிற் பொருள் பெற்று ஆடுவோர்க்கு இடமில்லை. 'அமெச்சூர்' என்னும் சொல்லுக்கு அன்பு பற்றிச் செய்பவன் என்பதே மூலப்பொருள். அவ்வன்பின் விலையை ஜெய்பால் அறிந்தே கொடுத்தார்.

இந்திய அணி ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை வென்று, மே 26-இல் ஹாலந்தை 3-0 என வீழ்த்தித் தங்கப்பதக்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் அடித்த கோல்கள் 29. எதிரணிகள் அடித்தது ஒன்றுமில்லை. ஆயினும் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை; பின்னிகர் தலைமை தாங்கினார். மீண்டு சென்றபோது, பயிற்சிக்காலத்தை நீட்டிக்கவேண்டும் என்றனர். அவர் பதவியையே துறந்தார்.

வெற்றி நாளிற் களத்தில் நில்லாதவரைத் தலைவர் எனப் போற்றல் தகுமோ எனின், தகும் என்பேன். வென்றபின் மகிழ்வது எவர்க்கும் எளிது; வெல்வோமோ தோற்போமோ என்று அறியாத போதே தம் வாழ்வைப் பணயம் வைத்தவர் அவர்.

பின்னாளில் அவர் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிற் பேசுகையில், காட்டுவாசி என்று பிறர் இகழும் பெயரைத் தாம் பெருமையுடன் ஏற்பதாகக் கூறினார். எம் ஊர்க்கு மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மக்களுக்கும் அக்குரல் உரியதன்றோ? அவர் 1970-இல் மறைந்தார். அவர் வேண்டிய ஜார்க்கண்ட் மாநிலம் 2000-இல் தோன்றியது.

மாணவ நண்பர்காள்! பதவி வேண்டிப் படிக்கும் நாம், பதவியினும் மேலாக எதனை நேசிக்கின்றோம் என்று நம்மை ஒருமுறை வினவிக்கொள்வோமாக.